மேல் பாதியும் ஜன்னல்தான்

துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகக் கண்ணீரோடு வருவார்கள். இல்லையென்றால் யாருடைய புகைப்படத்தோடாவது வருவார்கள். வெரேனா மேர்க்கில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறையப் பயறோடு வந்தார். அதை ரோஸ்விதா கோல்பின் மேஜைமேல் வைத்துவிட்டு, "இது உங்க ஃபீஸ்" என்றார்.

ரோஸ்விதா ஜாடியைப் பார்த்தார். துப்பறிய வருவதற்கு முன்னால் அவர் கோர்ட் அமீனா. கடனாளிகளின் டி.வி.யிலும் பியானோவிலும் ஜப்தி ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டியே பாதி ஸ்டுட்கார்ட்டின் வரவேற்பறைகளை மனப்பாடம் செய்தவர். அந்த ஸ்டிக்கருக்கு எங்கள் ஊரில் குயில் என்று பெயர். அதில் அச்சடித்திருப்பது கழுகு. அதைப் பற்றி யாரும் இதுவரை கவலைப்பட்டதில்லை.

"நீங்க மஞ்சக் கடுதாசி கொடுத்தாச்சுல்ல?" என்று கேட்டார்.

"போன வருஷமே கொடுத்துட்டேன் மேடம். பொட்டலம் இல்லாக் கடை வச்சிருந்தேன். ப்ளாஸ்டிக் கிடையாது, கவர் கிடையாது. வாங்கறவங்க அவங்கவங்க டப்பாவ எடுத்துட்டு வரணும்."

"டப்பாவ மறக்காம எடுத்துட்டு வந்தாங்க, பர்ஸத்தான் மறந்துட்டாங்க. சரியா?" என்றான் டில்மன். ரோஸ்விதாவின் உதவியாளன். ஹாம்பர்க்கில் பிறந்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வாயை மட்டும் விடாமல் தெற்கே வந்து சேர்ந்தவன்.

"சரிதான்" என்றார் வெரேனா. சிரிக்கவில்லை.

"அப்ப இந்தப் பயறு உங்களுது இல்ல" என்றார் ரோஸ்விதா. "உங்களுக்குக் கடன் கொடுத்தவங்களோடது. திவால் பொறுப்பாளர்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க. நீங்க இப்ப வேலைக்குப் போறீங்கதானே? சம்பளத்துல உங்களுக்குன்னு விட்டு வைக்கிற பங்கு இருக்கும். அதுலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கொடுங்க, போதும்."

டில்மன் ஜாடியைப் பிரிய மனமில்லாமல் வெரேனாவின் பக்கம் நகர்த்தினான்.

அடுத்து வரும் கேள்விகளை ரோஸ்விதா அறிவார். திவாலானவர்கள் எல்லோரும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பார்கள்.

"திவாலானா குழந்தைய பிடுங்கிடுவாங்களா மேடம்?"

"மாட்டாங்க. குழந்தைமேல குயில் ஒட்ட முடியாது."

"அவ சைக்கிள்?"

"அவ சைக்கிள் அவளுது."

"அவ உண்டியல்?"

"அதுவும் அவளுது. கோர்ட்டு பாக்கறது குழந்தை எங்க நல்லா இருக்கும்னுதான். உங்க பேங்க் கணக்க இல்ல."

"அப்புறம் ஏன் மேடம், வர்ற வியாழக்கிழமை கோர்ட்டுல என் பொண்ண என்கிட்டேர்ந்து வாங்கிடுவேன்னு என் வீட்டுக்காரர் அவ்வளவு நிச்சயமா இருக்கார்?"

இது வரிசையில் இல்லாத கேள்வி. ரோஸ்விதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெரேனாவும் கார்ஸ்டனும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் சட்டத்தில் விவாகரத்து கேட்பவர்கள் முதலில் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். ஒரே கட்டிடமாக இருந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டு மேஜையும் கட்டிலும் தனியாக இருக்க வேண்டும். வெரேனா மகள் ஃப்ரீடாவோடு இரண்டாம் மாடியில் தங்கினார். கார்ஸ்டன் அதே கட்டிடத்தின் கூரையடிச் சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார். விவாகரத்துக்குப் பிறகும் ஒன்பது வயது ஃப்ரீடாவின்மேல் இருவருக்கும் உரிமை உண்டு. சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான்: அவளுடைய பள்ளிக்கூடப் பை எந்த வீட்டு ஆணியில் தொங்குவது?

"ரெண்டாம் மாடி வாடகை எனக்கு கட்டுப்படியாகல. கோடையில காலி பண்ணணும்" என்றார் வெரேனா. "அம்மா வீட்ட விட்டுப் போறாங்க, அப்பா அதே வீட்டுல இருக்கார், குழந்தைக்கு அதே ஸ்கூல், அதே சிநேகிதங்க, அதே படிக்கட்டுன்னு அவர் வக்கீல் எழுதியிருக்கார். ஜட்ஜுக்கு அது பிடிக்கும்னு என் வக்கீலே சொல்றாங்க."

"பிடிக்கும்" என்றார் ரோஸ்விதா.

"ஆனா அவர் அங்க குடியிருக்கலன்னு எனக்கு சந்தேகம். இங்கேர்ந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி உல்ம்ல ஒரு பொம்பளை இருக்கா. சொந்த வீடு. ஜெயிச்சதும் ஃப்ரீடாவ அங்க கூட்டிட்டுப் போயிடுவார். அவர் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் ஆளு மேடம். நடந்தா கீழ எங்க விளக்கு ஆடும். இப்பல்லாம் மேல பூனை நடக்கற மாதிரிதான் கேக்குது."

"அவரை நீங்க பாக்கறதே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை படியில பாப்பேன். மத்தபடி நான் சூப்பர் மார்க்கெட் கல்லாவுல இருக்கேன், சாயங்காலமும் சனிக்கிழமையும். அப்பல்லாம் ஃப்ரீடா மேல அவர்கிட்ட இருப்பா. அதுக்கு நான் அவருக்கு நன்றி சொல்லணும். நான் வந்ததும் அவ கீழ வந்துடுவா, அதுக்கப்புறம் அவர் உல்ம் போயிடறார்னு நினைக்கிறேன். காரத் தெருவுல பாத்ததே இல்ல. இடம் கிடைக்காம மூணு தெரு தள்ளி நிறுத்தறாராம்."

"அப்படின்னு யார் சொன்னாங்க?"

"ஃப்ரீடாதான்."

வெரேனா கைப்பையிலிருந்து கார்ஸ்டனின் வக்கீல் அனுப்பிய மனுவின் பிரதியை எடுத்துக் கொடுத்தார். டில்மன் எட்டிப் பார்த்து ஒரு வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தான்.

"மனுதாரர் அவ்வீட்டில் தனிக்குடித்தனமாக வாழ்ந்து வருகிறார் என்பதற்குச் சான்றாவது, அவர் தமது பெருக்கு வாரத்தை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பாஸ், துடைப்பத்த சாட்சிக்குக் கூப்பிடறாங்க."

இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. பெருக்கு வாரத்தை வைத்து ஸ்டுட்கார்ட்டில் யாரும் தமாஷ் பண்ணுவதில்லை. ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு சின்ன மரப் பலகை இருக்கும். அது யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் படி, கைப்பிடி, படிக்கட்டு ஜன்னல், வாசல் நடைபாதை எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். கல்யாணம், பிரசவம், காய்ச்சல் எதற்கும் விலக்கு கிடையாது. ஒருவன் பெருக்கினான் என்றால் அவன் அங்கே குடியிருக்கிறான். எங்கள் ஊர் ஜட்ஜும் ஏதோ ஒரு வீட்டில் அதே பலகையை வாங்கி மாட்டுகிறவர்தான்.

"டில்மன், கோட்ட போடு" என்றார் ரோஸ்விதா. "அந்தப் பெருக்கலப் போய்ப் பாப்போம்."

அன்று சனிக்கிழமை, வெரேனா வேலைக்குக் கிளம்பினார். பயறு ஜாடியையும் தூக்கிக்கொண்டுதான் போனார்.

கிழக்குச் சரிவில் இருந்தது அந்தக் கட்டிடம். இவர்கள் உள்ளே நுழைந்து இரண்டு அடி வைப்பதற்குள் தரைத்தளக் கதவு திறந்தது. மார்க்கெட் பையோடு ஒரு அம்மாள் நின்றார். பையிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது. அவர்தான் நேகெலே அம்மாள். அந்தக் கட்டிடத்தின் சொந்தக்காரர் யார் என்று பலருக்குத் தெரியாது. அதை ஆள்வது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"காலத் தொடைச்சீங்களா?"

"தொடைச்சேன்" என்றார் ரோஸ்விதா.

"இந்தத் தம்பி?"

டில்மன் திரும்பிப் போய் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு வந்தான்.

ரோஸ்விதா தன் பெயரைச் சொன்னார், வெரேனாவுக்காக வந்திருப்பதையும் மறைக்காமல் சொன்னார். "கூரையடி வீட்டு கார்ஸ்டன் பெருக்கு வாரத்த ஒழுங்கா செய்யறாரா?"

"செய்யறார். ஒரு வாரம் தவறினதில்ல. இந்த வாரமும் அவர் முறைதான், இதோ முடிச்சாச்சு பாருங்க."

டில்மன் ரோஸ்விதாவின் காதருகே குனிந்தான். "கேஸ் போச்சு பாஸ். அந்தப் பயறையாவது வாங்கியிருக்கலாம்."

"அவர் பெருக்கறத நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"நான் ஏன் பாக்கணும்? சனிக்கிழமை நான் மார்க்கெட் போறப்ப அழுக்கா இருக்கும். வர்றப்ப சுத்தமா இருக்கும். நான் வெளிய போற நேரம் பாத்துத்தான் செய்வார். ஆம்பளை பாருங்க, கூச்சம். நல்ல மனுஷன்தான். ஆனா..."

ஆனா என்ற சொல்லுக்காக ரோஸ்விதா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார். அமீனா வேலையில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று அவரே சொல்லுவார்.

"ஆனா ஜன்னல்!" என்றார் நேகெலே அம்மாள். குரல் ஒரு படி ஏறியது. "கீழ் பாதிய கண்ணாடி மாதிரி தொடைப்பார்."

"அது கண்ணாடிதானே?" என்றான் டில்மன்.

"மேல் பாதிய தொட மாட்டார்! வருஷமா இதே கதை. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு அட்டையில எழுதி, முதல் மாடி காலேஜ் பசங்கள விட்டு அவர் கதவுல மாட்ட வச்சேன். 'மேல் பாதியும் ஜன்னல்தான்'னு. இந்த வாரம் அவர் முறை வந்ததும் பாத்தா, மேல ரெண்டே ரெண்டு இழுப்பு. அதோட சரி. ரெண்டு மீட்டர் மனுஷனுக்குக் கையத் தூக்கறதுக்கு என்ன வலி?"

"கேட்டீங்களா அவர?"

"நேர்ல கேக்கறது மரியாதை இல்ல. அந்தப் பசங்ககிட்ட சொல்ற மாதிரி படியில நின்னு சத்தமா சொன்னேன். பெருக்காதவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்ல, சாமான வெளிய வச்சுடுவாங்கன்னு. மேல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்" என்றார் ரோஸ்விதா.

அவர்கள் மேலே ஏறினார்கள். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் உயரமான ஜன்னல். மே மாதம், வெளியே மரங்களெல்லாம் பூந்தூள் கொட்டும் காலம். கண்ணாடியின் மேல் பாதி, இரண்டே இரண்டு இழுப்புத் தடம் தவிர, மஞ்சள் பூசிக் கிடந்தது. கீழ் பாதி பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டாற்போல ஒரு வரி. ரோஸ்விதாவின் மூக்கு உயரத்தில் இருந்தது அது.

ரோஸ்விதா தன் கைக்குட்டையை டில்மனிடம் நீட்டினார். "தொடை."

"நானா? எனக்கும் பலகை மாட்டிடுவாங்களா?"

"தொடை."

டில்மன் துடைத்தான். கை தானாகவே கோட்டுக்கு மேலே போய், மஞ்சள் தூளில் ஒரு வட்டம் போட்டது.

"ஏன் அங்க தொடைச்ச?"

"என் முகம் அங்கதானே இருக்கு."

"கார்ஸ்டனோட முகம் எங்க இருக்கும்?"

டில்மன் கையை உயர்த்தி, வட்டத்துக்கும் மேலே இன்னும் ஒரு சாணைக் காட்டினான்.

"அப்ப கையை நீட்டியும் இந்தக் கோட்டுக்கு மேல எட்டாதவங்களோட முகம் எங்க இருக்கும்?"

அவன் கை மெல்ல இறங்கியது. அவனுடைய இடுப்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. "உல்ம் காதலி ரொம்பக் குள்ளமோ?" என்றான். ஆனால் சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

ஜன்னலுக்கு அடியில் ஒரு ப்ளாஸ்டிக் வாளி இருந்தது. ரோஸ்விதா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகம் உள்வாங்கி, குறுக்கே விரிசல் விட்டிருந்தது. யாரோ அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். அது தாங்கவில்லை.

"ரெண்டு இழுப்பு" என்றார் ரோஸ்விதா. "அதோட சரி."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சிறுமி துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். இரட்டைப் பின்னல், தாடையில் டைனோசர் படம் போட்ட பிளாஸ்திரி. வாளி கவிழ்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றாள்.

"ஃப்ரீடாவா?" என்றார் ரோஸ்விதா. "அப்பா இருக்காரா?"

"இருக்கார். தூங்கறார்."

"அம்மா?"

"அம்மா வேலைக்குப்..." சிறுமி ஒரு கணம் யோசித்தாள். இவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியவில்லை போலும். "அம்மாவும் தூங்கறாங்க."

"நல்ல தூக்கம் வர்ற வீடு" என்றான் டில்மன்.

"தாடையில என்ன காயம்?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"ஸ்கூல்ல விழுந்துட்டேன்."

"இந்த வாளியும் அன்னிக்கு ஸ்கூல்ல இருந்துச்சா?"

ஃப்ரீடா வாளியைப் பார்த்தாள், ரோஸ்விதாவைப் பார்த்தாள். பொய்யைக் கைவிடுவதா வேண்டாமா என்று கணக்குப் போட்டாள். "நீங்க கோர்ட்டா?"

"முன்னாடி இருந்தேன். இப்ப இல்ல."

"ஒழுங்கா பெருக்கறவங்கள வீட்ட விட்டு அனுப்ப மாட்டாங்கதானே?"

பியானோவில் குயில் ஒட்டும்போதுகூட முகம் மாறாதவர் என்று பெயர் எடுத்தவர் ரோஸ்விதா. இப்போது துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். "கொஞ்ச நேரம் மேல போய் இரு கண்ணு. நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றார்.

சிறுமி மேலே போனதும் டில்மன் போனை எடுத்து ஜன்னலைப் படம் பிடிக்கக் குறிவைத்தான்.

"பாஸ், வியாழக்கிழமை ஜெயிச்சாச்சு! கோர்ட்டுல பொய் சொல்லியிருக்கார். பெருக்கினது இவரு இல்ல, ஒன்பது வயசுப் பொண்ணு. அந்த வக்கீல் துடைப்பத்தாலயே அடி வாங்கப் போறார்."

"அந்தப் படத்தக் காட்டினா ஜட்ஜ் என்ன செய்வார்?"

"விசாரிப்பார்."

"யார?"

டில்மன் போனை இறக்கினான். அவன் சட்டம் பாதிதான் படித்தவன், ஆனாலும் இது அந்தப் பாதியில் இருந்தது. ஜட்ஜ் குழந்தையைத் தனி அறைக்குக் கூப்பிடுவார். அறையில் பொம்மைகள் இருக்கும், ஜட்ஜ் அன்பாகத்தான் கேட்பார். உங்கப்பா ராத்திரி எங்கே தூங்குகிறார் ஃப்ரீடா?

"ஒரு வருஷமா அப்பா இங்க இருக்கார்னு ஊரையே நம்ப வச்ச பொண்ணு" என்றார் ரோஸ்விதா. "அவ வாயாலயே அவர காட்டிக் கொடுக்க வைக்கணும். அப்படி எனக்கு ஜெயிக்க வேண்டாம். கார்ஸ்டனுக்குப் போன் போடு. ஜன்னலப் பத்தி நேகெலே அம்மா புகார் சொல்றாங்கன்னு சொல்லு."

"வருவாரா?"

"இந்த ஊர்க்காரன்தானே, வருவான்."

கார்ஸ்டன் ஒரே வார்த்தையில் வருகிறேன் என்றார். இவர்கள் படியில் உட்கார்ந்து, டில்மன் தெருமுனையில் வாங்கி வந்த வெண்ணெய் தடவிய, உப்புக் கல் தூவிய ப்ரெட்சல் ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். கீழேயிருந்து, "உப்பு கொட்டுது, பொறுக்குங்க!" என்று குரல் வந்தது. பொறுக்கினார்கள். வாசலில் கார் வந்து நிற்கும்போது கண்ணாடியில் வெயில் சாய்ந்திருந்தது.

"கூரையடியிலேர்ந்து ரெண்டு மாடி இறங்கி வர்றதுக்கு இவ்வளவு நேரம்" என்றான் டில்மன். "வழியில நெடுஞ்சாலை வேற இருக்கு போல."

கார்ஸ்டன் மேர்க்கில் கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான முகம். விளக்கில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார்.

"மன்னிக்கணும், பக்கத்துல பேக்கரிக்குப் போயிருந்தேன்" என்றார்.

"உல்ம்ல நல்ல பேக்கரி இருக்குன்னு நானும் கேள்விப்பட்டேன்" என்றான் டில்மன்.

ரோஸ்விதா தான் யார், யாருக்காக வேலை செய்கிறவர் என்று நேராகச் சொன்னார். கார்ஸ்டனின் முகம் இறுகியது. "எதுவா இருந்தாலும் என் வக்கீல்கிட்ட பேசுங்க."

"வக்கீல் ஜன்னல் தொடைக்க மாட்டார். இது உங்க வாரம். முடிச்சுடுங்க" என்று துணியை நீட்டினார் ரோஸ்விதா.

கீழே கதவோரம் நேகெலே அம்மாளின் செருப்பு நுனி தெரிந்தது. அது தெரிந்த பிறகு மறுக்கிற துணிவு எந்த ஸ்டுட்கார்ட்காரனுக்கும் வராது. கார்ஸ்டன் துணியை வாங்கித் துடைத்தார். நீண்ட கை, மேல் சட்டம் வரைக்கும் சுலபமாகப் போய் வந்தது. மஞ்சள் தூள் போய், பின்கட்டு மரம் தெரிந்தது. கோட்டுக்கு வந்ததும் கை நின்றது.

"கீழ தொடைக்கலையா?"

"அதுதான் சுத்தமா இருக்கே."

"யார் செஞ்சது?"

கார்ஸ்டன் படிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் இல்ல. இந்த ஒரு வருஷமா, உங்க முறை வர்றப்பல்லாம் யார் செஞ்சாங்க? நீங்க செஞ்சதா கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

கார்ஸ்டன் துணியை மடித்தார். பிரித்தார். "வெரேனா செய்யறான்னு நினைச்சேன்" என்றார்.

"யாரு, நானா?"

படியில் வெரேனா நின்றிருந்தார். சூப்பர் மார்க்கெட் மேலாடையைக்கூடக் கழற்றவில்லை. "உன்ன விட்டுப் பிரிஞ்சு உக்காந்திருக்கேன். உன் வாரத்த நான் எதுக்குப் பெருக்கறேன்? நான் செய்யறேன்னு நினைச்சுட்டு, நீ செஞ்சதா எழுதிக் கொடுத்தியா?" அப்போதுதான் அவர் கண்ணில் கார்ச் சாவி பட்டது. "நீ வெளிய போயிருந்தியா? அப்ப ஃப்ரீடாவ மேல தனியா விட்டுட்டுப் போனியா?"

"ஃப்ரீடா உன்கூட இல்ல?"

"சனிக்கிழமை எனக்கு வேலை. சனிக்கிழமையும் சாயங்காலமும் அவ உன்கிட்டதானே இருக்கா?"

"என்கிட்டயா? நான் ஞாயித்துக்கிழமைதானே வர்றேன். சாயங்காலம் நீ வீட்டுல இருக்க. தினமும் போன் பண்றேன், அம்மா குளிக்கறாங்கன்னு சொல்றா." கார்ஸ்டன் கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "எப்பப் பாரு குளிச்சிட்டே இருக்கியேன்னு நினைச்சேன்."

டில்மன் வாயைத் திறந்தான். ரோஸ்விதா அவன் காலை மிதித்தார்.

"நான் போன் பண்ணா அப்பா சமைக்கறார்னு சொல்லுவா" என்றார் வெரேனா. "நீ சமைக்கக் கத்துக்கிட்டேன்னு... எனக்கு சந்தோஷமாகூட இருந்துச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் சரியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெரேனா கைப்பிடியை இறுகப் பிடித்தார். ஃப்ரீடா எங்கே சாப்பிட்டாள், யாரிடம் பேசினாள், இருட்டினதும் என்ன செய்தாள் என்ற கேள்விகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்து நின்றன.

மேலே கதவு திறந்தது. ஃப்ரீடா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கூரையடி வீட்டிலிருந்து ஒரு சமையல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். வாளிதான் உடைந்துவிட்டதே.

"ரெண்டாம் மாடிக்கு மேல இருக்கற ஜன்னல் இன்னும் பாக்கி" என்றாள். "அதையும் முடிச்சுடறேன். முடிச்சா அப்பா இங்க இருக்கறதா கணக்காயிடும்தானே?"

கேள்வி ரோஸ்விதாவிடம் வந்தது. திவால், ஜப்தி, ஜீவனாம்சம் என்று எத்தனையோ பேருக்கு நின்ற இடத்திலேயே பதில் சொன்னவர், இதற்குப் படியில் உட்கார்ந்துதான் பதில் சொன்னார்.

"இல்ல கண்ணு. சட்டத்துல அப்படிக் கணக்கு இல்ல."

"அட்டையில எழுதியிருந்த மாதிரி மேல் பாதியும் செஞ்சா?"

"செஞ்சாலும்."

ஃப்ரீடா பாத்திரத்தைக் கீழே வைக்க இடம் தேடினாள். கார்ஸ்டன் ஈரப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அவர் முகமும் மகளின் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. அவர் அவளுடைய தாடைப் பிளாஸ்திரியைத் தொட்டார். "இது எப்ப?" என்று கேட்டார். வெரேனாவுக்கு அது எப்போது என்று தெரியும், எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் அழ ஆரம்பித்தார். கார்ஸ்டனும் அழுதார். ஃப்ரீடா இருவருக்கும் நடுவில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வலியால் நேகெலே அம்மாள் முதல் மாடிக்கு மேல் ஏறி வருடக்கணக்கு ஆகிறது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அழுகிறவர்களைத் தாண்டிப் போனார். இரண்டாம் மாடியையும் தாண்டிக் கூரையடிக் கதவுவரை போய், அதில் தொங்கிய பலகையைக் கழற்றினார். பழைய அட்டையையும் கழற்றி நான்காகக் கிழித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். பலகையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, ஃப்ரீடாவிடமிருந்து பாத்திரத்தை வாங்கினார்.

"இந்த வாரம் என்னுது" என்றார்.

"உங்க முறை அடுத்த வாரம்தானே வருது?" என்றான் டில்மன்.

"அதுவும் என்னுதுதான். நீ வாய மூடு தம்பி."

பலகை முறை தவறிப் போனது அந்தக் கட்டிடத்தில் அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை ஜட்ஜுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பெருக்கு வாரத்தைத் தான் செய்யவில்லை என்று கார்ஸ்டனே முதலில் எழுந்து சொன்னார். பை வெரேனாவின் ஆணியில் தொங்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கூரையடி வீட்டை கார்ஸ்டன் விட்டுக் கொடுத்தார். அதன் வாடகை வெரேனாவின் கல்லாச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். ஃப்ரீடாவுக்கு அதே ஸ்கூல், அதே படிக்கட்டு. வெரேனா சாயங்கால வேலையை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் காலைக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஒரு நாள் புதன். புதன்கிழமைகளில் கார்ஸ்டன் உல்மிலிருந்து நிஜமாகவே வந்து, நிஜமாகவே சமைத்தார். சாப்பிடும்படி இருக்காது என்று ஃப்ரீடா ஊரெல்லாம் சொன்னாள்.

கோடை முடிவில் ஒரு புதன்கிழமை, ஃபீஸின் அடுத்த பங்கை வாங்க ரோஸ்விதாவும் டில்மனும் அங்கே போனார்கள். பலகை கூரையடிக் கதவில் தொங்கும் வாரம். ஜன்னலடியில் புது வாளி. கார்ஸ்டன் நின்றபடி மேல் பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃப்ரீடா அவர் காலடியில் கீழ் பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ், பிரிஞ்ச புருஷன் பொண்டாட்டியோட பெருக்கு வாரத்துல ஜன்னல் தொடைச்சா, மேஜையும் கட்டிலும் தனி இல்லன்னு விவாகரத்து நின்னுடுமா?" என்று கிசுகிசுத்தான் டில்மன்.

"நிக்காது. வாய மூடு."

அப்பாவும் மகளும் முடித்துவிட்டு, துணியை அலசிப் போட்டுவிட்டு, மேலே போனார்கள். மேலே போன அப்பா விளக்கில் தலையை இடித்துக்கொண்ட சத்தமும் ஃப்ரீடா சிரித்த சத்தமும் கேட்டன. நேகெலே அம்மாள் கீழேயிருந்து ஏறி வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஜன்னலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேலே பளபளப்பு. கீழே பளபளப்பு. நடுவில், அப்பா குனியாமலும் மகள் எட்டாமலும் விட்டுப்போன ஒரு விரற்கடை அழுக்குக் கோடு, இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரைக்கும் நேராக ஓடியது.

நேகெலே அம்மாள் வாயைத் திறந்தார். டில்மன் காதைப் பொத்திக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நேகெலே அம்மாள் இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டில்மன் காதிலிருந்து கையை எடுத்தான். "பாஸ்" என்றான், "அந்த அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"